மதிலில் பிங்க் கொடி, மண்ணில் கிழங்கு

ஆவணியில் நாலு மழை பெய்துவிட்டால் போதும், பெங்களூரின் காலி சைட்டுகளுக்கு யாரோ பிங்க் போர்வை போர்த்திவிட்ட மாதிரி ஆகிவிடும். மதில், கம்பிவேலி, பாதியில் நின்றுபோன கட்டடம், குப்பைமேடு, புங்க மரம், தெருவிளக்குக் கம்பம் என்று எதையும் விட்டுவைக்காமல் ஏறிப் பூத்திருக்கும் கொடி. நர்சரியில் மெக்சிகன் க்ரீப்பர் என்பார்கள், கோரல் வைன் என்றும் சொல்வார்கள். வடக்கே அனந்தலதா. நம் ஆட்கள் சிலர் கொடி ரோஜா என்கிறார்கள். ரோஜாவுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. தாவரவியல் பெயர் ஆன்டிகோனான் லெப்டோபஸ். புளிப்பாக மசிக்கிற சுக்காங்கீரை இருக்கிறதே, அதன் குடும்பம்.

சொந்த ஊர் மெக்சிகோ. ஹூக்கர், ஆர்னட் என்ற இரண்டு தாவரவியலாளர்கள் 1830-களின் கடைசியில் இதற்குப் பெயர் வைத்தார்கள். வறட்சி தாங்கும், வெயில் தாங்கும், மாதக்கணக்கில் பூக்கும், உரம் கேட்காது. தோட்டக்காரருக்கு வேறென்ன வேண்டும்? வெப்பநாடுகள் முழுக்கக் கொண்டுபோய் நட்டார்கள். இப்போது குவாம் தீவிலும் ஃப்ளோரிடாவிலும் களைப் பட்டியலில் இருக்கிறது. கரீபியக் கடலில் சின்ட் யூஸ்டேஷியஸ் என்று ஒரு குட்டித் தீவு. அங்கே மேய்ச்சல் நிலத்தையும் கைவிட்ட வயல்களையும் மூடிக் கிடக்கிறது. இதில் புதுமை ஒன்றும் இல்லை. உண்ணிச்செடி 1800-களின் தொடக்கத்தில் கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்கு அழகுச்செடியாக வந்ததுதான். ஏரிகளை மூடுகிற ஆகாயத்தாமரையும் பூவுக்காக வளர்க்கப்பட்டதுதான்.

இந்தப் பதிவு கொடியின் வரலாற்றுக்காக அல்ல. வீட்டு மதிலிலோ பக்கத்து சைட்டிலோ இது இருக்கிறது, எடுக்க வேண்டும், மூன்று தடவை வெட்டியும் திரும்ப வந்துவிட்டது என்கிறவர்களுக்காக.

முதலில் ஆளைச் சரியாக அடையாளம் பிடியுங்கள். பெங்களூரில் இதோடு சேர்ந்தே படர்கிற இன்னொன்று ரயில்வே க்ரீப்பர். அதன் இலை ஐந்து விரல் விரித்த கை மாதிரி பிளவுபட்டிருக்கும், பூ ஊதா நிறப் புனல். நம் பிங்க் கொடிக்கு இலை ஒற்றை, இதய வடிவம், ஓரம் லேசாக நெளிந்து நரம்பெல்லாம் வலைபோலப் புடைத்திருக்கும். பூவைக் கையில் எடுத்துப் பாருங்கள். இதழ் என்று நாம் நினைக்கிற ஐந்தும் தாவரவியல் கணக்கில் தனி அல்லி இதழ்கள் அல்ல. வெளிப்பக்கத்தவை அகலம், உள்பக்கத்தவை ஒடுக்கம். இவை உதிர்வதில்லை, அதுதான் முக்கியம். பூ முற்றியதும் காகிதம் போலக் காய்ந்து, பழுப்பேறி, உள்ளே மூன்று விளிம்புள்ள ஒரே ஒரு விதையை மூடிக்கொண்டு நிற்கும். பூங்கொத்தின் நுனியிலேயே பற்றுக்கம்பிகள் சுருண்டிருக்கும். பூக்கிற கிளையே அடுத்த மரத்தைப் பிடிக்கிற கையும்கூட. வெள்ளைப் பூ பூக்கிற வகையும் உண்டு. "வெள்ளை அவ்வளவாகப் பரவாது" என்று சொல்லி விற்பார்கள். கிழங்கு இரண்டுக்கும் ஒன்றுதான்.

காகிதம் போலக் காய்ந்த அந்த உறைதான் விதைக்குப் படகு. தண்ணீரில் மிதக்கும். பெங்களூரின் நிலஅமைப்பு தெரிந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. ஊரே மேட்டுநிலம், மழைநீர் ராஜகாலுவே என்கிற பெரிய மழைநீர்க் கால்வாய் வழியாக ஒரு ஏரியிலிருந்து அடுத்த ஏரிக்கு இறங்கும், கடைசியில் ஹெப்பாள், கோரமங்களா–சல்லகட்டா, விருஷபாவதி என்ற மூன்று பள்ளத்தாக்குகளில் ஒன்றில் போய்ச் சேரும். மேட்டுத் தெருவில் ஒருவர் மதிலில் வளர்த்தால் கீழே ஏரிக்கரையில் முளைக்கும். அக்டோபர் மழைக்குப் பிறகு கால்வாய் ஓரம் குப்பை ஒதுங்கிய கோடு ஒன்று இருக்கும். அதே கோட்டில் இதய வடிவக் கன்றுகள் வரிசை கட்டி நிற்பதைப் பார்க்கலாம்.

விதையைவிட வேகமான இன்னொரு வழி இருக்கிறது: டிப்பர் லாரி. காலி சைட்டில் ஜேசிபி வைத்து மட்டம் செய்யும்போது கிழங்கு துண்டுதுண்டாகிறது. அந்த மண் அப்படியே இன்னொரு லேஅவுட்டுக்கு ரொப்புமண்ணாகப் போகிறது. நகரத்துக்குள் பரவுவதில் பெரும்பங்கு பறவைக்கோ காற்றுக்கோ இல்லை, இந்த ரொப்புமண்ணுக்குத்தான் என்பது எங்கள் கணிப்பு. புதிதாக மண் கொட்டிய இடத்தில், சுற்றிலும் ஒரு தாய்க்கொடிகூட இல்லாமல், முதல் மழையிலேயே திட்டுத் திட்டாக இது எழும்பினால் வேறு எப்படி வந்திருக்கும்?

கெடுதல் என்ன என்று கேட்பவர்கள் ஒரு மழைநாளில் இது ஏறிய மரத்தைப் போய்ப் பார்க்க வேண்டும். இலை இலையாக அடுக்கி மரத்தின் தலையில் ஒரு குடை கட்டியிருக்கும். உள்ளே மரத்தின் சொந்த இலைக்கு வெயில் கிடையாது. மழையில் அந்தக் குடை நனைந்து கனக்கும். காற்று பிடிக்கப் பாய்மரம் மாதிரியும் ஆகும். குல்மோஹரும் பெருங்கொன்றையும் இயல்பிலேயே கிளை முறிகிற மரங்கள். இந்தக் கனமும் சேர்ந்தால் மே மாதப் புயல்மழையில் முதலில் விழுவது அவைதான். சாலையோரம் புதிதாக நட்ட கன்றுகள் இன்னும் பாவம், ஒரே மழைக்காலத்தில் கம்பிக்கூட்டோடு சேர்ந்து காணாமல் போய்விடும். மரத்துக்கு மரம் கட்டித் தொங்கவிட்டிருக்கும் இன்டர்நெட் கேபிள்கள் வேறு இதற்குப் பாலம் போட்டுக் கொடுக்கின்றன. நடுவில் பத்தடி இடைவெளி இருந்தும் இரண்டு மரத்திலும் கொடி இருந்தால் அண்ணாந்து பாருங்கள், கேபிள் இருக்கும்.

இனி கிழங்கு. இந்தக் கொடியின் உயிர் மேலே இல்லை. மண்மட்டத்தில் தண்டு தக்கை போலத் தடித்து, கீழே விரல்முட்டி மாதிரி ஒரு முண்டு கட்டியிருக்கும். அந்த முண்டிலிருந்துதான் புதுத் தளிர் வரும். அதற்கும் கீழே கிழங்குகள். இளம் கொடியில் விரல் பருமன். நாலைந்து வருடக் கொடியில் சேப்பங்கிழங்கு, சர்க்கரைவள்ளி அளவில் கொத்தாகத் தொங்கும். ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே மெல்லிய கழுத்து. இழுத்தால் அந்தக் கழுத்தில்தான் அறும். முதல் கிழங்கு கையில் வரும், மற்றவை மண்ணில் தங்கும். "வேரோட புடுங்கிட்டேன் சார்" என்று தோட்டக்காரர் காட்டுவது பெரும்பாலும் இந்த முதல் கிழங்கைத்தான். அவர் பொய் சொல்லவில்லை. மீதியும் உள்ளே இருக்கிறது, அவ்வளவுதான்.

நல்ல செம்மண்ணில் கிழங்குகள் பெரும்பாலும் முதல் ஒன்றரை அடிக்குள் இருக்கும். மதிலோரம் மட்டும் கணக்கு வேறு. பெங்களூரில் பழைய காம்பவுண்டுக்கு அடித்தளம் சைஸ் கல், அதாவது செதுக்கிய கருங்கல்; கல்லுக்கும் கல்லுக்கும் இடையில் ஈரம் நிற்கும், கிழங்கு அங்கே போய்ப் பதுங்கும். அதைத் தோண்டி எடுக்க மதிலையே கழற்ற வேண்டும். அதற்கு வேறு வழி இருக்கிறது, கீழே வருகிறேன்.

காலம் பார்த்துத் தொடங்குவது பாதி வேலை. பலரும் பூ உச்சத்தில் இருக்கும் அக்டோபரில், அது கண்ணை உறுத்தும்போது தொடங்குகிறார்கள். அப்போது வெட்டினால் விதை கொட்டும், மண் சேறாக இருக்கும், கிழங்கும் நிறைந்திருக்கும். சரியான வரிசை இது: தை, மாசியில் மேல்கொடியை வெட்டுங்கள். காய்ந்த மண்ணில் கடப்பாறை இறங்காது, அதனால் தோண்ட முயல வேண்டாம். சித்திரையில் மாங்காய் மழை ஒன்றிரண்டு விழும். விழுந்த பத்துப் பதினைந்து நாளில் ஒவ்வொரு முண்டிலிருந்தும் தளிர் எட்டிப் பார்க்கும். கிழங்கு எங்கெங்கே இருக்கிறது என்று அது தானாகவே காட்டிக்கொடுக்கும் நேரம் அது. தளிர் வந்த இடத்திலெல்லாம் ஒரு செங்கல் துண்டு வைத்துக்கொண்டே போங்கள். மண்ணும் அப்போது இளகியிருக்கும். தோண்டுவது இந்தச் சமயத்தில்தான்.

மரத்தில் ஏறியதை வெட்டும்போது இரண்டு வெட்டு: ஒன்று மார்பளவு உயரத்தில், ஒன்று தரையோடு. நடுத்துண்டை எடுத்துவிடுங்கள். இடைவெளி கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஏதாவது ஒரு தண்டு விடுபட்டிருந்தால் அதுவே மேலே உள்ள மொத்தத்தையும் பச்சையாக வைத்திருக்கும். மேலே இருப்பதை இழுக்காதீர்கள். இழுத்தால் பற்றுக்கம்பி விடாது, மரக்கிளைதான் முறியும். மூன்று நாலு வாரத்தில் காய்ந்து சருகாகிவிடும், பிறகு மூங்கில் கழியால் தட்டினாலே உதிரும். உதிரும்போது கீழே தார்ப்பாய் விரித்திருக்க வேண்டும், விதை சேர்ந்தே விழும். மரக்கிளையை வெட்டுவதற்குக் கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டம், 1976-இன்படி அனுமதி வாங்க வேண்டும். கொடியை மட்டும் அறுத்தால் கிளையைத் தொட வேண்டிய அவசியமே வராது. மின்கம்பியிலோ டிரான்ஸ்ஃபார்மரிலோ ஏறியிருந்தால் தரையில்கூட அறுக்காதீர்கள், கழியையும் நீட்டாதீர்கள். பச்சைத் தண்டு மின்சாரம் கடத்தும். மின்விநியோக நிறுவனமான பெஸ்காமின் 1912-ஐ அழைத்துச் சொல்லுங்கள்.

தோண்டுவதற்குக் கடப்பாறை, மண்வெட்டி, களைக்கொத்து, செகேட்டர் (கிளை வெட்டும் கத்தரி), கட்டட வேலைக்கு மணல் சலிக்கிற கம்பிச் சல்லடை ஒன்று, இரண்டு பழைய சாக்கு. சல்லடையைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அது இல்லாமல் இறங்க வேண்டாம்.

செங்கல் வைத்த இடத்திலிருந்து ஒரு அடி தள்ளி வட்டமாக மண்வெட்டியால் வெட்டிக்கொண்டே ஒன்றரை அடி ஆழம் இறங்குங்கள். நடுவில் தூண் மாதிரி ஒரு மண்கட்டி நிற்கும். கடப்பாறையை அடியில் கொடுத்து அந்தக் கட்டியை முழுதாக நெம்பிச் சாய்க்க வேண்டும்; தண்டைப் பிடித்து இழுக்கக் கூடாது. சாய்ந்த கட்டியைச் சாக்கில் போட்டுக் கையால் உதிர்த்தால் கழுத்து அறாமல் கிழங்கு கொத்தாக வரும். மிச்ச மண் முழுக்கச் சல்லடையில் போக வேண்டும். நிலக்கடலை அளவுத் துண்டாக இருந்தாலும் பொறுக்கி எடுத்துவிடுங்கள், எதில் மொட்டு இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்க நேரம் இல்லை. குழியின் சுவரைக் களைக்கொத்தால் சுரண்டிப் பாருங்கள். வெட்டுப்பட்ட கிழங்கு இருந்தால் ஈரமான வட்டமாகத் தெரியும், தொட்டால் மாவு கையில் ஒட்டும். அந்தப் பக்கம் இன்னும் தோண்ட வேண்டும் என்று அர்த்தம்.

முப்பதுக்கு நாற்பது அடி சைட்டின் முன்மதில் முப்பதடி. பழைய கொடி என்றால் அதில் பத்துப் பன்னிரண்டு முண்டாவது இருக்கும். காரணம், தரையில் கிடக்கிற தண்டு கணுவுக்குக் கணு வேர் விடும், ஒவ்வொரு வேரும் தனிக் கிழங்கு வைக்கும். இரண்டு ஆள், இரண்டு முழுநாள் என்று கணக்குப் போடுங்கள். ஒரே நாளில் முடித்துத் தருகிறேன் என்பவர் சல்லடை கொண்டுவரப் போவதில்லை. கூலியைக்கூட மொத்தமாகப் பேசாதீர்கள். பாதியைத் தோண்டிய அன்றும் மீதியை மூன்று மாதம் கழித்துத் தளிர் பார்த்தும் தருவதாகப் பேசினால் வேலை வேறு மாதிரி நடக்கும்.

எடுத்த கிழங்கை என்ன செய்வது? உரக்குழியில் போட்டால் அங்கேயே தளிர்க்கும், அடுத்த வருடம் உரத்தோடு தோட்டம் முழுக்கப் போகும். இருட்டியபின் பக்கத்து காலி சைட்டில் வீசுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், பெங்களூரில் பல கொடிகள் அப்படியும் வந்தவைதான். மொட்டை மாடி சிமென்ட் தரையில் ஒரே அடுக்காகப் பரப்புங்கள், பெரியவற்றை நீளவாக்கில் பிளந்து. சித்திரை வெயிலில் நாலு முதல் ஆறு வாரம். மழை வந்தால் சில்பாலின் தார்ப்பாய் போட்டு மூட வேண்டும், நனைந்தால் கணக்கு முதலிலிருந்து. கத்தியால் ஒன்றை வெட்டிப் பாருங்கள்: உள்ளே மரக்கட்டை போலச் சுக்காக இருந்தால் செத்தது, லேசாக ஈரம் இருந்தாலும் இன்னும் இரண்டு வாரம். மாடி இல்லாதவர்கள் கனமான கறுப்பு பிளாஸ்டிக் பையில் கட்டி இரண்டு மாதம் வெயிலில் வைக்கலாம். பை கிழியக் கூடாது, மண்ணில் வைக்கக் கூடாது. தண்டும் இலையும் இரண்டு வாரம் சிமென்ட் தரையில் காய்ந்தால் போதும், அதன்பிறகு உரக்குழிக்குப் போகலாம். பூங்கொத்து மட்டும் போகக் கூடாது.

மதிலடிக் கிழங்குக்கு வருவோம். எட்டாததைப் பட்டினிதான் போட வேண்டும். ஒவ்வொரு தளிரும் கிழங்கில் சேர்த்துவைத்த மாவைச் செலவழித்துத்தான் மேலே வருகிறது. இலை விரிந்து முற்றியபிறகுதான் அந்தக் கடனை அடைக்கத் தொடங்கும். அடைக்கத் தொடங்குமுன் வெட்டிவிட்டால் கிழங்குக்கு நட்டம். இலையை முற்றவிட்டு வெட்டினால் கிழங்குக்கு லாபம். மாதத்துக்கு ஒருமுறை தோட்டக்காரர் வந்து வெட்டுகிற வீடுகளில் இது ஏன் வருடக்கணக்கில் சாவதில்லை என்பதற்கு விடை இதுதான். மழைக்காலத்தில் ஒரு மாதம் என்பது இதற்குத் தாராளம். மே முதல் நவம்பர் வரை பதினைந்து நாளுக்கு ஒருமுறை, டிசம்பர் முதல் ஏப்ரல் வரை மாதம் ஒருமுறை என்றால் வருடத்துக்குப் பத்தொன்பது தடவை. ஒவ்வொன்றும் ஐந்து நிமிட வேலை. ஆனால் பத்தொன்பதும் நடக்க வேண்டும். தசரா விடுமுறைக்கு ஊருக்குப் போய் இரண்டு சுற்று தவறினால் அதுவரை செய்ததில் பாதி வீண். ஒன்றரை வருடத்தில் தளிர் நூல்போல மெலிந்து, வெளிறி, பிறகு நிற்கும்.

மருந்து அடித்தால் என்ன என்று கேட்பீர்கள். இலைமேல் தெளிப்பது இங்கே உதவாது. கொடி வேறு செடியின்மேல்தான் படர்ந்திருக்கிறது, மருந்து அதன்மேலும் விழும். புது வெட்டுவாயில் ஐந்து நிமிடத்துக்குள் தூரிகையால் தடவுவதுதான் பலன் தருகிற முறை. தாமதித்தால் வெட்டுவாய் காய்ந்து உறிஞ்சாது. கிழங்கு மாவை உள்ளே இழுத்துச் சேர்க்கிற மழைக்கால முடிவில் தடவினால் மருந்தும் அதோடு கீழே இறங்கும், தளிர்க்கும் சித்திரையில் தடவினால் இறங்காது. ஆனால் களைக்கொல்லியான கிளைபோசேட்டைப் பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழில் செய்பவர்கள் வழியாக மட்டுமே பயன்படுத்தலாம் என்று மத்திய வேளாண் அமைச்சகம் 2022 அக்டோபரில் அறிவிக்கை வெளியிட்டது. உரக்கடையில் வாங்கிவந்து நீங்களே தடவுகிற விஷயமாக அதை நினைக்காதீர்கள். ஏரிக்கரை, ராஜகாலுவே ஓரம், திறந்த கிணறு பக்கம் வேண்டவே வேண்டாம். சில தயாரிப்புகளில் மருந்தோடு சேர்க்கிற ஒட்டும் பொருள் மீனுக்கும் தவளைக்கும் மருந்தைவிடக் கெடுதல்.

உப்பு, டீசல், ஆசிட், வெந்நீர் என்று வீட்டுக்கு வீடு ஒரு வைத்தியம் சொல்வார்கள். உப்பு முதலில் மண்ணைக் கெடுக்கும், அடுத்து மதிலின் காரையை அரிக்கும், மூன்றாவதாகப் பக்கத்து மரத்தைக் கொல்லும். ஒன்றரை அடி ஆழத்துக் கிழங்குக்கு அது போய்ச் சேர்வதற்குள் மழை வந்துவிடும். டீசல் ஊற்றுவது, போர்வெல் தண்ணீரை நம்பியிருக்கிற ஊரில் செய்கிற காரியமே இல்லை. தீ வைத்தால் சருகு எரியும், மரப்பட்டை வேகும், கிழங்குக்கு மேல்மண் போர்வை பத்திரமாக இருக்கும். கறுப்பு சில்பாலின் போட்டு மூடுவது ஓரளவு பலிக்கும். ஆனால் படர்ந்த எல்லையிலிருந்து நாலைந்து அடி தாண்டிப் போட வேண்டும், இல்லாவிட்டால் தளிர் அடியிலேயே ஊர்ந்து ஓரத்தில் தலைநீட்டும். மதில் பக்கம் அது முடியாது என்பதால் இது காலி சைட்டுக்கு மட்டும் சரி.

தேனீக்கள் விஷயத்தைத் தட்டிக்கழிக்கக் கூடாது. இந்தக் கொடிக்குத் தேனீ மொய்க்கும், உண்மை. கொம்புத்தேனீ, அடுக்குத்தேனீ, மலைத்தேனீ எல்லாம் வரும், நகரத்தில் அவற்றுக்குப் பூ குறைவு என்பதும் உண்மை. "தேனீ வருதே, ஏன் வெட்டணும்?" என்று பக்கத்துவீட்டு மாமி கேட்டால் அது நியாயமான கேள்வி. பதில் இரண்டு. ஒன்று, தேனீ வரவர விதை கூடும். அந்த விதைதான் ஏரிக்குப் போகிறது. இரண்டு, எடுத்த இடத்தில் வேறு பூ வைக்க வேண்டிய பொறுப்பு எடுப்பவருடையது. துளசியும் திருநீற்றுப்பச்சிலையும் ஒரு வரிசை வைத்தால் வருடம் முழுக்கத் தேனீ இருக்கும். பூவே இல்லாத தை, மாசியில் மேலே வெட்டச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

எடுத்த உடனே மல்லிகையோ காகிதப்பூவோ நிரந்தரமாக நடாதீர்கள். அது படர்ந்துவிட்டால் அதற்குள் எழும்புகிற பழைய தளிர் கண்ணில் படாது. முதல் வருடம் ஒரு பருவப் பயிர் போதும், அதற்குப் பெங்களூரில் அவரையைவிடப் பொருத்தமானது கிடையாது. கொடி அவரை. ஆடியில் ஊன்றினால் கார்த்திகையில் ஊதாவும் வெள்ளையுமாகப் பூக்கும். இதுவும் பூக்கொடிதான், தேனீயும் வரும், மார்கழியில் அவரேக்காய் சாம்பாருக்கும் ஆகும். இன்னொரு வசதி: அவரை இலை மூன்று மூன்றாக இருக்கும், நம் எதிரிக்கு ஒற்றை இதய இலை. பச்சைக்குள் பச்சை என்றாலும் தூரத்திலிருந்தே தெரிந்துவிடும். தையில் அவரையைப் பிடுங்கினால் மண் மறுபடி வெறுமையாகி, சோதனை போட வசதியாகிவிடும்.

இரண்டு மழைக்காலம் தாண்டியபின் நிரந்தரக் கொடி வைக்கலாம். முல்லை, சங்குப்பூ, பூண்டு வாசனை அடிக்கிற கார்லிக் வைன், காகிதப்பூ, எல்லாம் இந்தத் தட்பவெப்பத்துக்குச் சரி. ரங்கூன் மல்லியும் வைக்கிறார்கள். அடியிலிருந்து கன்று விட்டுக்கொண்டே இருக்கும், சின்ன இடத்துக்கு வேண்டாம். இடம் தாராளமாக இருந்தால் குருக்கத்தி, நம் மண்ணின் கொடி, சங்கப் பாட்டில் வருவது. ஆனால் இதே குருக்கத்தி ரீயூனியன், மொரீஷியஸ் தீவுகளில் காட்டை விழுங்குகிற களை. உலகின் மோசமான நூறு அந்நிய உயிரினங்கள் என்று பட்டியல் போட்டபோது அதில் இதன் பெயரும் ஏறிவிட்டது. ஊர்விட்டு ஊர் போனால் யாரும் யாராகவும் ஆகலாம் போல.

தொட்டியில் வைத்து பால்கனியில் மட்டும் வளர்த்தால் பரவாயில்லையா என்று ஒரு கேள்வி அடிக்கடி வருகிறது. தொட்டி கிழங்கைக் கட்டிப்போடும், அதுவும் தரையில் நேரே வைக்காமல், அடி ஓட்டை வழியாக வேர் மண்ணைத் தொடாமல் இருந்தால். விதையைக் கட்டிப்போடாது. மூன்றாம் மாடியிலிருந்து காய்ந்த பூ காற்றில் போகும் தூரம் உங்கள் கையில் இல்லை. ஒவ்வொரு கொத்தையும் பழுப்பாகுமுன் வெட்டுவேன் என்று உறுதி இருந்தால் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லத்தான் ஆசை. அப்படி ஒரு பூக்காலம் முழுக்க வெட்டியவரை இன்னும் பார்க்கவில்லை.

தோண்டிய இடத்தை இரண்டாம் வருடமும் மழை பெய்த பத்தாம் நாள் ஒருமுறை சுற்றி வாருங்கள். இதய இலை எங்காவது தெரிந்தால் தண்டின் அடியை இரண்டு விரலால் பிடித்து மெதுவாகத் தூக்குங்கள். நூல் போன்ற வேரோடு முழுசாக வந்துவிட்டால் அது விதையில் முளைத்த கன்று, கவலை இல்லை. பட்டென்று அறுந்தால் கீழே கிழங்கு இருக்கிறது. ஒரு செங்கல் துண்டு வைத்துவிட்டுக் கடப்பாறையை எடுத்து வாருங்கள்.